மாடி ரூம் கொதிக்குதா? முதலில் கூரையைக் கவனிப்போம்!



பங்குனி பிறந்தாலே நம் வேலூர்ப் பக்கத்தில் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. கத்திரி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. கீழ்வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். மாடியில் ஒரு ரூம் கட்டி, அதற்கு ஷீட்டோ தளமோ போட்டுக் குடியிருக்கும் உறுப்பினர்கள் பாடுதான் திண்டாட்டம். இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

கடன் கேட்டு வந்த உறுப்பினர்

போன வருடம் சித்திரை மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் ஏர் கூலர் வாங்க 9,000 ரூபாய் உள்கடன் கேட்டார். அவருக்கு மாடியில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ரூம். பகலெல்லாம் அங்கேதான் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார். ஃபேன் இருக்கிறது, ஆனால் போட முடியாது. போட்டால் தூள் பறக்கும், இலை காய்ந்து நொறுங்கும். அது போதாதென்று, ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கீழே இருப்பது ஒரே ரூம், அதில் மாமனார் படுத்த படுக்கை. மகளுக்கும் மாடிதான்.

"ராத்திரி பத்து மணிக்குக்கூட சுவரைத் தொட முடியல அக்கா. பொண்ணு தூங்கி நாலு நாளாச்சு" என்று அவர் சொன்னபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. கடனைக் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போது நம் குழுவிலேயே மூத்தவர், முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர், ஒரு வார்த்தை சொன்னார். "கூலரு தண்ணி கேக்கும், கரண்டு கேக்கும், மாசா மாசம் வட்டியும் கேக்கும். மொதல்ல மேல ஏறிப் பாருங்கம்மா. சூடு எங்கேயிருந்து வருதோ அங்கயே மறிக்கணும்."

அந்த ஆயா சொன்னபடி செய்து பார்த்தோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மாடி ரூம் மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது?

சூரியன் உச்சியில் நிற்கும் மாதங்களில் சுவரைவிடக் கூரைமேல்தான் வெயில் அதிகம் விழுகிறது. கீழ்வீட்டுக்கு மாடி ரூம் குடை பிடிக்கிறது. மாடி ரூமுக்குக் குடை பிடிக்க யாரும் இல்லை.

நம் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து, மேலே மண் பரப்பி, மச்சு கட்டியிருப்பார்கள். அதில் நெல், புளி, பழைய பானை என்று போட்டு வைப்பார்கள். வெயிலின் அடியை மச்சு வாங்கிக்கொள்ளும், கீழே மனிதர்கள் குளிர்ச்சியாக இருப்பார்கள். இன்று குடும்பம் பெருகிவிட்டது, இடம் போதவில்லை. வெயிலின் அடியை வாங்க வேண்டிய இடத்தில் நாமே குடியிருக்கிறோம். அதனால் நம் தலைக்கு மேலே இன்னொரு மச்சு தேவைப்படுகிறது. வெள்ளை அடிப்பது, பந்தல் போடுவது எல்லாமே அதற்காகத்தான்.

கூரை எந்த வகை என்பதைப் பொறுத்துச் சூடு வேறுபடும்.

ஷீட், தகரம்: மெல்லியது. காலை பத்து மணிக்கே சூடாகிவிடும். மதியம் உச்சம். பொழுது சாய்ந்ததும் கூரை சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் பகலெல்லாம் சூடேறிய சுவர் ஆற ராத்திரி நெடுநேரம் ஆகும்.

கான்கிரீட் தளம்: நாலைந்து அங்குல கனம். பகல் சூட்டையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறக்கும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் தளம் போட்ட ரூம் ராத்திரியில் அனலாக இருக்கிறது.

இப்படிக் கூரை சூடாகும்போது ஃபேன் போட்டால் என்ன ஆகும்? மேலே சேர்ந்த சூட்டுக் காற்றை நம் மேலேயே இறக்கும். ரூமில் 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் ஏற்றும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் வெயிலைக் கூரைக்கு வெளியே நிறுத்த வேண்டும். அடுத்து, உள்ளே சேர்ந்த சூட்டை வெளியேற்ற வேண்டும். ஃபேனும் கூலரும் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை: கூரைக்கு வெள்ளை

கறுப்புச் சேலை கட்டி வெயிலில் நடப்பதற்கும் வெள்ளைச் சேலை கட்டி நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். கூரைக்கும் அதே கணக்கு. பாசி படிந்து கறுத்த தளம் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாக வெள்ளை அடித்த கூரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கூரையைப் பொறுத்து ரூமுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும்.

இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. குஜராத்தில் அகமதாபாத் நகரம் 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அதன் பிறகு 2013இல் அந்த மாநகராட்சி வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் போட்டது. பின்னாளில் குடிசைப் பகுதி வீடுகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையும் அங்கே நடந்தது. சேவா அமைப்பு 1994இல் தொடங்கிய மகிளா ஹவுசிங் டிரஸ்ட் மூலம் நம்மைப் போன்ற உழைக்கும் பெண்களே இதை முன்னின்று செய்கிறார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெயில் என்பது வெறும் எரிச்சல் அல்ல, உயிர் போகிற விஷயம் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது.

கலவை செய்யும் முறை

நம் உறுப்பினரின் கூரை ஏறக்குறைய 150 சதுர அடி. அதற்கு இரண்டு பூச்சுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருட்கள்:

• நீற்றிய சுண்ணாம்புத் தூள் – 8 கிலோ
• வெள்ளை சிமெண்ட் – 2 கிலோ
• ஃபெவிகால் – அரை கிலோ
• தண்ணீர் – கரைசல் கெட்டி மோர் பதத்துக்கு வரும் அளவு

புது பிரஷ் உட்பட மொத்தம் 620 ரூபாய் செலவானது. உங்கள் ஊர் விலையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

செய்முறை:

1. முதல் நாள் மாலையே சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற விடுங்கள். மறுநாள் பழைய புடவைத் துணியில் வடிகட்டுங்கள். கட்டி இருந்தால் பூச்சு உதிரும்.

2. அடிக்கப் போகும் நேரத்தில்தான் வெள்ளை சிமெண்டையும் ஃபெவிகாலையும் தனித்தனியே கரைத்துச் சேர்க்க வேண்டும். முன்னாடியே சேர்த்தால் சிமெண்ட் இறுகிவிடும். ஒரு மணி நேரத்தில் அடித்து முடிக்கும் அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

3. தளமாக இருந்தால் பாசியையும் தூசியையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெடிப்பு இருந்தால் முதலில் அடைத்துவிட்டு, அப்புறம் வெள்ளை அடியுங்கள்.

4. கூரை சூடாக இருக்கும்போது அடிக்கக் கூடாது. அதிகாலை அல்லது மாலை நேரம்தான் சரி. லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்தின் மேல் அடியுங்கள்.

5. முதல் பூச்சு நீளவாக்கில். அது காய்ந்ததும் மறுநாள் குறுக்குவாக்கில் இரண்டாவது பூச்சு. அடுத்த இரண்டு நாள் காலை மாலை லேசாகத் தண்ணீர் தெளித்தால் சிமெண்ட் பிடித்துக்கொள்ளும்.

6. மழை வருமா என்று பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று நாள் மழை இல்லாமல் இருக்க வேண்டும்.

தகரக் கூரையில் சுண்ணாம்பு நிற்காது, உதிர்ந்துவிடும். துருவைத் தேய்த்து எடுத்து, ப்ரைமர் அடித்து, அதன் மேல் வெளிப்புற வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கவனம்! இதைப் படிக்காமல் மேலே ஏறாதீர்கள்

• ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறி நடக்கவே கூடாது. பார்ப்பதற்குக் கெட்டியாகத் தெரியும், காலை வைத்தால் உடையும். இப்படி விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களும் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. நாங்கள் பக்கத்து மாடியில் நின்றும் ஏணியில் நின்றும், நீளக் கம்பில் பிரஷ் கட்டித்தான் அடித்தோம். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

• ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். நனைத்துவிட்டு மெல்லிய துடைப்பத்தால் தள்ளினால் போதும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள்.

• நீற்றாத கல் சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். அதைவிட நீற்றிய தூள் வாங்குவதே நல்லது. எதுவானாலும் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல், உடனே நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்கு உறை போடுங்கள்.

• கூரைத் தண்ணீரை மழைநீர்த் தொட்டியில் பிடிப்பவர்கள், வெள்ளை அடித்த பிறகு வரும் முதல் இரண்டு மூன்று மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

• வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். செலவு குறைவு, அவர் வீட்டுக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது வேலை: கூரைக்கு மேலே நிழல்

வெள்ளை அடித்தும் போதவில்லை என்றால் கூரைக்கு மேலே நிழல் போடலாம். இதில் ஒரே ஒரு விதிதான்: நிழலுக்கும் கூரைக்கும் நடுவில் காற்று ஓட வேண்டும். ஒட்டிப் போட்டால் பலன் பாதிதான்.

நிழல்வலை: நர்சரிகளில் கட்டும் பச்சை வலை. தளத்துக்கு மேல் நாலு பக்கமும் கம்பு நட்டு, ஆள் நின்று வேலை செய்யும் உயரத்தில் கட்டினால் அப்பளமும் வடகமும் போட ஒதுக்குப்புறமும் கிடைக்கும். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். கரண்ட் கம்பி பக்கத்தில் போனால் இந்த வேலையே வேண்டாம்.

கொடிப்பந்தல்: அவரை, பீர்க்கு, சுரை, கோவை எதுவானாலும் சரி. தை மாதமே விதை போட்டுவிட்டால் சித்திரைக்குள் பந்தல் மூடிவிடும். குழம்புக்குக் காயும் ஆச்சு. தொட்டியைச் சுவர் ஓரமாக வையுங்கள், தளத்தின் நடுவில் பாரம் ஏற்றாதீர்கள். தண்ணீர் தேங்கினால் தளம் ஒழுகும்.

தென்னங்கீற்று: மலிவானது, குளிர்ச்சியானது. ஆனால் நெருப்புக்குப் பயப்பட வேண்டும். பக்கத்தில் விறகு அடுப்புப் புகைபோக்கி இருந்தாலோ, திருவிழா வெடி வெடிக்கும் தெருவாக இருந்தாலோ கீற்று வேண்டாம்.

பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் பலர் கூரையில் போர்த்துகிறார்கள். அதுவும் எளிதில் தீப்பிடிக்கும். வேறு வழியில்லாமல் போட்டால் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும்.

மூன்றாவது வேலை: உள்ளே சேர்ந்த சூட்டை வெளியேற்றுவது

சூடான காற்று மேலே போகும். கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு துவாரம் இருந்தால் அது தானாக வெளியேறும். நம் மாடி ரூம்களில் பெரும்பாலும் ஒரு கதவு, ஒரு ஜன்னல்தான். கொத்தனாரை வைத்து, மேலே ஒரு வென்டிலேட்டர் போட்டுக்கொள்ளலாம். எலி, பூச்சி வராமல் கம்பி வலை அடிக்க வேண்டும்.

ஜன்னலைப் பகல் முழுவதும் திறந்து வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. வெளியே அனல் அடிக்கும்போது திறந்தால் அனல்தான் உள்ளே வரும். வெயில் ஏறுவதற்கு முன் மேற்குப் பக்க, தெற்குப் பக்க ஜன்னல்களுக்குக் கோணித் திரையோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்க விடுங்கள், வெளிப்பக்கமாக. தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது. பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

தளம் போட்ட ரூமுக்கு, வெயில் இறங்கிய பிறகு மேலே இரண்டு வாளி தண்ணீர் தெளித்தால் இரவில் வித்தியாசம் தெரியும். குடிதண்ணீரை வீணாக்க வேண்டாம், அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும்.

மாடி ரூமிலேயே சமைப்பதைக் கோடை இரண்டு மாதமாவது தவிர்க்கப் பாருங்கள். முடியாவிட்டால் காலை எட்டு மணிக்குள் அடுப்பு வேலையை முடியுங்கள். பழைய குண்டு பல்பு இருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், சூடும் குறையும், கரண்டும் மிச்சம்.

கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். சூட்டைத் தடுக்கும், ஆனால் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், நச்சுப் புகை வரும். அடுப்போ சாமி விளக்கோ இருக்கிற ரூமில் வேண்டவே வேண்டாம். மூங்கில் பாயைக் கூரையிலிருந்து அரை அடி இறக்கிக் கட்டலாம். அதற்கும் விளக்கு, அடுப்பு தூரமாக இருக்க வேண்டும்.

என்ன பலன் கிடைத்தது?

வெள்ளை அடித்த மூன்றாம் நாள், வெப்பமானி இரண்டு இரவல் வாங்கினோம். ஒன்றை நம் உறுப்பினரின் ரூமிலும், மற்றொன்றை அதே மாதிரி ஷீட் போட்ட, வெள்ளை அடிக்காத பக்கத்து ரூமிலும் மாட்டினோம். மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து ரூமில் 42 டிகிரி. வெள்ளை அடித்த ரூமில் 39. கோணித் திரையும் போட்ட பிறகு இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுக்க முடிந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த ரூம் ஏ.சி. ரூம் ஆகிவிடவில்லை. மதியம் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை அது இன்னமும் சூடுதான். அந்த நேரத்தில் மகளைக் கீழே தாத்தா பக்கத்தில் படுக்க வைத்தார்கள். பீடித் தட்டும் கீழே இறங்கியது. ஆனால் இரவுத் தூக்கம் கிடைத்தது. கூலருக்குக் கேட்ட கடனை அவர் வாங்கவில்லை. ஆனி மாதம் பேத்தி பிறந்தபோது பிரசவச் செலவுக்கு 5,000 மட்டும் வாங்கினார். வட்டி பாக்கியில்லாமல் அடைத்தும் விட்டார்.

கூலர் வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேலூர், கரூர் மாதிரி வறண்ட ஊர்களில் கூலர் நன்றாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம், அங்கே கூலரால் அவ்வளவு பலன் இல்லை. எந்த ஊராக இருந்தாலும் கூரையைச் சரிசெய்துவிட்டு வாங்கினால்தான் போட்ட காசுக்குப் பலன்.

இந்த அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள்

தலைசுற்றல், வாந்தி, கை கால் பிடித்து இழுத்தல், சிறுநீர் மஞ்சளாகவும் குறைவாகவும் போதல் – இவை உடம்பு தரும் எச்சரிக்கை. உடனே நிழலுக்கு வந்து தண்ணீர், மோர், கஞ்சி அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் குடியுங்கள். பேச்சு உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ 108க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுவதும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து சீக்கிரம் வரும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

வெள்ளை எத்தனை நாள் நிற்கும்?
ஒரு கோடைக்குத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையும். அதனால் வருடா வருடம் மாசியில் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். நடுவில் தூசி படிந்தால் துடைத்துவிடுங்கள். அழுக்கான வெள்ளை வெயிலைத் திருப்பாது.

நிரந்தரமாக என்ன செய்யலாம்?
தளத்துக்கு வெள்ளை ஓடு பதிக்கலாம், அல்லது கம்பெனி குளிர்கூரை பெயிண்ட் அடிக்கலாம். சுண்ணாம்பைவிடச் செலவு பல மடங்கு அதிகம், ஆனால் பல வருடம் நிற்கும். தளம் ஒழுகுகிற வீட்டுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்தால் லாபம். இதற்கு உள்கடன் கேட்டால் குழு யோசிக்கலாம்.

மழைக்காலத்தில், பனிக்காலத்தில் ரூம் அதிகம் குளிராதா?
நம் ஊர்ப் பக்கம் அந்தக் கவலை வேண்டாம். மார்கழிக்கு ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்திக்கொண்டால் சரியாகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மாடி ரூமிலும் ஷீட் வீட்டிலும் இருக்கும் உறுப்பினர்கள் யார் யார், அவர்களில் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியோர் உள்ள வீடு எது என்று ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரு பட்டியல் எடுங்கள். அந்த வீடுகளுக்கு முதலில் அடிப்போம். சுண்ணாம்பை மூட்டையாகச் சேர்த்து வாங்கினால் விலை குறையும். ஏணியும் பிரஷ்ஷும் குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும், வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் கூரைக்கு நாலு பேர் போனால் இரண்டு காலை நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

கத்திரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாசியிலேயே ஏணியை எடுப்போம்.